பெர்சி கிரீன் வழக்காடிய ஊர்: அன்றும் இன்றும்

1964 ஆகஸ்ட் 28. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள செயின்ட் லூயிஸ் நகரில், போர் விமானங்கள் கட்டும் மெக்டானல் நிறுவனம் ஆட்குறைப்பு என்று சொல்லிச் சில தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பியது. அவர்களில் ஒருவர் பெர்சி கிரீன். 1956 முதல் அங்கே மெக்கானிக்காகவும் ஆய்வுக்கூட டெக்னீஷியனாகவும் வேலை பார்த்து வந்த கறுப்பின இளைஞர்.

2017 ஆகஸ்ட் 28. அதே மாநிலத்தில், பணியிடப் பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்பைத் தளர்த்தும் செனட் மசோதா 43 நடைமுறைக்கு வந்தது.

தேதி ஒத்துப்போனது தற்செயல்தான். மிசௌரியில் புதிய சட்டங்கள் வழக்கமாக அந்த நாளில்தான் அமலுக்கு வரும். ஆனால் அந்தச் சட்டத்தின் வாசகத்துக்குள் பெர்சி கிரீனின் வழக்கு பெயரோடு இடம்பெற்றிருக்கிறதே, அது தற்செயல் இல்லை. வேலை மறுக்கப்பட்டதற்கு நியாயம் கேட்டுப் போனவரின் வழக்கை, ஐம்பத்து மூன்று வருடம் கழித்து, நியாயம் கேட்டு வருபவர்களின் பாதையைக் கடினமாக்குகிற சட்டம் தனக்குத் துணையாக அழைத்துக்கொண்டது. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் மாறியது சட்டம் மட்டுமில்லை. பாகுபாடு மறைந்துகொள்கிற இடமும் அதை எதிர்க்கிறவர்களின் வழிகளும் மாறின.

அன்று: கண்ணுக்குத் தெரிந்த அநியாயம்

அமெரிக்க இன உரிமை வரலாற்றின் பெரிய வழக்குகள் பல செயின்ட் லூயிஸிலிருந்து கிளம்பியவை. அடிமைகளாக இருந்த ட்ரெட் ஸ்காட்டும் அவர் மனைவி ஹாரியட்டும் விடுதலை கேட்டு 1846இல் மனுப் போட்டது இந்த ஊரில். கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக் கூடாது என்று பத்திரத்தில் எழுதிவைக்கும் நிபந்தனையை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இந்த ஊர் வீடு ஒன்றைப் பற்றிய வழக்கில்தான்.

1960களின் தொடக்கத்தில் இங்கே வேலைப் பாகுபாட்டைக் கண்டுபிடிக்க வக்கீல் தேவையில்லை. கண் இருந்தால் போதும். கறுப்பின மக்கள் பணம் போட்டு எடுத்த ஜெபர்சன் வங்கியில், கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் காசாளராக ஒரு கறுப்பின முகமும் கிடையாது. 1963 ஆகஸ்ட் இறுதியில் இன சமத்துவப் பேரவை அந்த வங்கியின் முன் மறியலைத் தொடங்கியது. வங்கியின் செயல்பாட்டுக்கு இடையூறு செய்யக் கூடாது என்ற நீதிமன்ற உத்தரவை மீறியதற்காகப் பலர் சிறை சென்றார்கள். அவர்களில் ஒருவரான வில்லியம் கிளே பின்னாளில் பல ஆண்டுகள் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். மாதக்கணக்கில் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 1964இல் வங்கி கறுப்பினக் காசாளர்களை வேலைக்கு எடுத்தது.

அதே ஆண்டில் நகரத்தின் ஆற்றங்கரையில் கேட்வே ஆர்ச் என்ற 630 அடி உயர எஃகு வளைவு எழும்பிக்கொண்டிருந்தது. பொதுப் பணத்தில் கட்டப்படும் நினைவுச் சின்னம். ஆனால் திறன்வாய்ந்த வேலைகளில் கறுப்பினத் தொழிலாளர்களுக்கு இடமில்லை. 1964 ஜூலை 14 அன்று பெர்சி கிரீனும் அவரது வெள்ளையின நண்பர் ரிச்சர்ட் டேலியும் வளைவின் வடக்குக் காலில் பொருத்தியிருந்த ஏணியில் ஏறினார்கள். 125 அடி உயரத்தில் சுமார் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். கீழே போலீஸ், நிருபர்கள், வேடிக்கை பார்க்கும் கூட்டம். இறங்கியதும் கைது.

அன்றைய எதிர்ப்பின் பலம் அதில் இருந்தது. கவுன்ட்டரில் யார் இல்லை, சாரத்தில் யார் இல்லை என்று விரலை நீட்டிக் காட்ட முடிந்தது. அந்த நீட்டிய விரலைப் புகைப்படம் எடுக்கவும் முடிந்தது. ஒன்றரை வருடம் கழித்து, ஆர்ச் பார்வையாளர் மையத்தின் பணியில் கறுப்பினக் குழாய்ப் பணியாளர்கள் சேர்க்கப்பட்டபோது வெள்ளையினத் தொழிற்சங்கத்தினர் வேலையை விட்டு வெளியேறினார்கள். 1966இல் மத்திய நீதித்துறையே அந்தக் கட்டுமானத் தொழிற்சங்கங்கள் மீது வழக்குத் தொடர்ந்தது. ஒரு தனிமனிதரின் புகாரோடு நிற்காமல், ஒரு துறை முழுவதும் வழக்கமாகவே ஒதுக்கிவைக்கிறது என்று 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைச் சட்டத்தின்கீழ் அரசு தொடுத்த முதல் வழக்கு அதுதான்.

ஒரு வேலை விளம்பரம்

கிரீன் ஆர்ச்சில் ஏறி ஆறு வாரத்தில் அவருக்கு வேலை போனது. பொதுவான ஆட்குறைப்பு என்றது நிறுவனம். இனத்தையும் என் போராட்டத்தையும் வைத்துத்தான் என்றார் அவர். அக்டோபரில் அவரும் தோழர்களும் காலை ஷிப்ட் நேரத்தில் ஆலைக்குப் போகும் சாலைகளில் கார்களை நிறுத்திப் போக்குவரத்தை முடக்கினார்கள். கிரீன் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார்.

1965 ஜூலை 2 அன்று குடிமை உரிமைச் சட்டத்தின் ஏழாம் பிரிவு அமலுக்கு வந்தது. இனம், நிறம், மதம், பால், தேசிய வம்சாவளி ஆகியவற்றைக் காரணம் காட்டி வேலை மறுப்பது நாடு முழுவதும் சட்டவிரோதமானது. மூன்று வாரம் கழித்து, ஜூலை 25 அன்று, மெக்டானல் நிறுவனம் மெக்கானிக்குகள் தேவை என்று விளம்பரம் கொடுத்தது. எட்டு ஆண்டு அனுபவத்தோடு கிரீன் விண்ணப்பித்தார். சட்டவிரோதப் போராட்டத்தில் பங்கெடுத்தவர் என்று சொல்லி நிராகரித்தார்கள்.

கிரீன் தொடுத்த வழக்கு 1973 மே 14 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஒருமனதான தீர்ப்பாக முடிந்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி லூயிஸ் பவல். அவர் முன்னால் இருந்தது எந்த நாட்டிலும் எழக்கூடிய கேள்வி. உன் நிறத்துக்காகத்தான் உனக்கு வேலை இல்லை என்று எந்த முதலாளி எழுதிக் கொடுப்பான்? எழுத்தில் ஆதாரம் இல்லாதபோது எதை வைத்து நிரூபிப்பது?

அதற்கு நீதிமன்றம் ஒரு படிவரிசையை வகுத்தது. ஒடுக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்தவர், தகுதியிருந்தும் விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டார், அதன் பிறகும் அந்த இடத்துக்கு நிறுவனம் ஆள் தேடியது: இந்த நான்கையும் காட்டினால் முதல் கட்டம் தாண்டியாயிற்று. அடுத்து நிறுவனம் நியாயமான ஒரு காரணத்தைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு, அது வெறும் சாக்கு என்று காட்டும் பொறுப்பு மீண்டும் தொழிலாளியிடம் வரும். மனசுக்குள் இருக்கும் பாகுபாட்டை வெளியே இழுத்து வருவதற்கு நிறுவனத்தின் புதிய பெயரால் மெக்டானல் டக்ளஸ் எதிர் கிரீன் என்று அழைக்கப்பட்ட அந்த வழக்கு கொடுத்த கருவி இது. அமெரிக்காவில் வேலைப் பாகுபாட்டு வழக்கு நடத்துகிற எந்த வக்கீலும் இந்தப் பெயரைச் சொல்லாமல் நகர முடியாது.

கிரீனுக்கு அந்த வெற்றி கைக்கு வரவில்லை. வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பிப் போனபோது நிறுவனம் சொன்ன காரணமே ஏற்கப்பட்டது. 1976இல் மேல்முறையீட்டிலும் தோற்றார். நாட்டுக்கே ஒரு வழிமுறையை வாங்கிக் கொடுத்தவருக்கு அந்த வேலை கிடைக்கவேயில்லை.

நடுவில் ஒரு நல்ல காலம்

மிசௌரி தன் மாநிலத்துக்கென்று 1986இல் மனித உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. மத்தியச் சட்டத்துக்குப் பதினைந்து பேராவது வேலை செய்ய வேண்டும். மாநிலச் சட்டத்துக்கு ஆறு பேர் இருந்தால் போதும். ஊர்க்கோடியில் இருக்கும் சிறிய பட்டறையும் இதற்குள் வரும். இனம், நிறம், மதம், தேசிய வம்சாவளி, பூர்வீகம், பால், உடல் ஊனம், நாற்பது முதல் எழுபது வரையான வயது எல்லாம் இதில் அடங்கும். செயின்ட் லூயிஸிலோ கான்சாஸ் சிட்டியிலோ மென்பொருள் வேலை பார்க்கும் தமிழர் ஒருவர், பிறந்த நாட்டை வைத்து ஒதுக்கப்பட்டால் போய் நிற்க வேண்டிய சட்டமும் இதுவே.

2000க்குப் பிறகு மிசௌரி உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்துக்கு உயிர் கொடுத்தது. இப்படிப்பட்ட வழக்குகளில் ஜூரி விசாரணை கேட்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று 2003இல் சொன்னது. 2007இல் மேரிலண்ட் ஹைட்ஸ் நகராட்சிக்கு எதிராகக் காவல் அதிகாரி ஒருவர் தொடுத்த வழக்கில் இன்னும் ஒரு படி முன்னே போனது. பாகுபாடு அந்த முடிவுக்குப் பங்களித்த காரணங்களில் ஒன்றாக இருந்தாலே போதும், அதையும் ஜூரி முடிவு செய்யட்டும் என்றது. கிரீன் வழக்கின் படிவரிசையை மாநில வழக்குகளில் ஓரமாக வைத்துவிட்டது.

ஏன் ஓரம் வைத்தது? 1973இல் தொழிலாளிக்கு உதவ வந்த அந்தப் படிவரிசை, போகப்போக நிறுவனங்களுக்கு வசதியாகிப்போனது. மூன்று கட்டங்களில் எங்காவது ஓரிடத்தில் ஆதாரம் மெலிந்திருக்கிறது என்று காட்டினால், வழக்கு ஜூரி முன்னால் போகும் முன்பே நீதிபதி தள்ளுபடி செய்துவிடுவார். மத்திய நீதிமன்றங்களில் பல வழக்குகள் இப்படி விசாரணையைக் காணாமலேயே முடிந்துகொண்டிருந்தன. மிசௌரி வேறு வழியில் போனது. மாநில நீதிமன்றத்தில் பன்னிரண்டு ஜூரிகளில் ஒன்பது பேர் ஒத்துக்கொண்டால் போதும். மேலாளரையும் தனி நபராகப் பிரதிவாதி ஆக்கலாம். மேலாளர் வழக்கமாக மிசௌரிக்காரராக இருப்பார். வெளி மாநில நிறுவனம் ஒன்று, வாதியும் நானும் வெவ்வேறு மாநிலம் என்று சொல்லி வழக்கை மத்திய நீதிமன்றத்துக்கு மாற்றிக்கொள்ள முயன்றால், அந்த ஒரு பெயரே அதைத் தடுத்துவிடும்.

தொழிலாளிகளுக்கு இது நல்ல காலம். நிறுவனங்களுக்கு இது தலைவலி. மிசௌரியில் தொழில் நடத்துவது ஆபத்து, மத்தியச் சட்டத்தைவிட இங்கே தோற்பது எளிது, சிறு முதலாளி ஒரு வழக்கில் கடையை மூட வேண்டியிருக்கும் என்று வணிக அமைப்புகள் முறையிட்டன. வழக்குக்குப் பயந்து வேலைக்கே ஆள் எடுக்காத சிறு முதலாளியும் இருக்கத்தான் செய்வார். அந்தக் கவலையைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. அதற்கு அவர்கள் கேட்ட மருந்து சரியா என்பதுதான் சண்டை.

2011இலும் 2012இலும் சட்டமன்றம் தளர்த்தும் மசோதாக்களை நிறைவேற்றியது. ஆளுநர் ஜே நிக்சன் இரண்டு முறையும் வீட்டோ செய்தார். 2017 ஜனவரியில் அவருடைய பதவிக்காலம் முடிந்தது. புதிய ஆளுநர் எரிக் கிரைட்டன்ஸ் குடியரசுக் கட்சிக்காரர். சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் அதே கட்சிக்குப் பெரும்பான்மை. தடுப்பதற்கு யாரும் இல்லை.

இன்று: நிரூபணத்தில் ஒளிந்துகொண்டது

செனட் மசோதா 43ஐக் கொண்டுவந்தவர் செனட்டர் கேரி ரோமைன். வாடகைக்கு எடுத்துத் தவணையில் சொந்தமாக்கிக்கொள்ளும் பொருட்களை விற்கும் கடைகள் நடத்தியவர். அவருடைய நிறுவனத்தின் மீதே இனப் பாகுபாட்டு வழக்கு ஒன்று நிலுவையில் இருந்தது. தன் வழக்குக்கும் மசோதாவுக்கும் சம்பந்தமில்லை என்றார் அவர். எதிர்ப்பவர்கள் அதை விடாமல் சுட்டிக்காட்டினார்கள்.

மசோதாவில் எந்த உரிமையும் நீக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாதுகாப்புப் பட்டியலிலிருந்து இனம் போகவில்லை, வயது போகவில்லை, பால் போகவில்லை. முகப்பு அப்படியே இருந்தது. மாறியது எல்லாம் உள்ளே.

முதலாவது, நிரூபணத்தின் அளவு. பங்களித்த காரணம் என்று காட்டினால் இனிப் போதாது. பாகுபாடு அந்த முடிவில் உண்மையிலேயே பங்கு வகித்தது, முடிவைத் தீர்மானித்ததும் அதுவே என்று காட்ட வேண்டும். ஒரு கற்பனை உதாரணம் பார்க்கலாம். கிடங்கு ஒன்றில் வேலை செய்யும் ஐம்பத்தெட்டு வயதுக்காரரை நீக்குகிறார்கள். அந்த மாதம் இரண்டு முறை தாமதமாக வந்திருக்கிறார். வியாபாரமும் மந்தம். மேலாளரோ, கிழடுகளை வைத்து இனிக் காலம் தள்ள முடியாது என்று சக ஊழியரிடம் சொல்லியிருக்கிறார். பழைய சட்டத்தில் அந்தப் பேச்சும் ஒரு காரணமா என்று ஜூரி பார்க்கும். புதிய சட்டத்தில், அந்த எண்ணம் இல்லாதிருந்தால் அவர் வேலை பிழைத்திருக்குமா என்று பார்க்கும். தாமதமும் மந்தமும் நிறுவனத்தின் கையில் தயாராக இருக்கும். மேலாளர் மனசைத் திறந்து காட்டும் சாவி யாரிடமும் இருக்காது.

இரண்டாவது, தொகை. சேர வேண்டிய சம்பள பாக்கியும் வட்டியும் போக, மன உளைச்சலுக்கும் தண்டனையாகவும் தரும் நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு வந்தது. நூறு பேர் வரை உள்ள நிறுவனத்துக்கு 50,000 டாலர். இருநூறு பேர் வரை 1,00,000. ஐந்நூறு பேர் வரை 2,00,000. அதற்கு மேல் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் 5,00,000. பெரிய நிறுவனத்துக்கு இது முன்கூட்டியே கணக்கில் எழுதிவைக்கக்கூடிய செலவு. வழக்கின் கூலி சுருங்கும்போது, வெற்றி பெற்றால் மட்டும் பணம் வாங்கும் வக்கீல் எத்தனை ஏழைத் தொழிலாளிகளின் வழக்கை எடுப்பார் என்பதும் கேள்விதான்.

மூன்றாவது, மேலாளரைத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்கும் வழி அடைக்கப்பட்டது. அவமதித்தவர் பிரதிவாதியாகக் கோர்ட் வாசலை மிதிக்க வேண்டாம். அவர் பெயர் போனதும், வெளி மாநில நிறுவனங்கள் வழக்கை மத்திய நீதிமன்றத்துக்கு இழுத்துக்கொண்டு போவதும் எளிதானது.

நான்காவதுதான் கிரீன் தொடர்பானது. 2007 தீர்ப்பை ரத்து செய்வதாகச் சட்டமே அதன் பெயரைக் குறிப்பிட்டுச் சொல்கிறது. விசாரணைக்கு முன்பே வழக்கை முடிக்கக் கோரி நிறுவனம் மனுப் போட்டால், நேரடி ஆதாரம் இல்லாத வழக்குகளில் மெக்டானல் டக்ளஸ் எதிர் கிரீன் தீர்ப்பின் படிவரிசையை நீதிமன்றம் மிகவும் வலுவான வழிகாட்டியாகக் கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. 1965இல் ஒரு மெக்கானிக்கைத் திருப்பி அனுப்பிய அதே மாநிலத்தில், அவர் வழக்கு இப்போது அவரைப் போன்றவர்களைத் திருப்பி அனுப்பப் பயன்படலாம்.

மத்தியச் சட்டத்தோடு மாநிலச் சட்டத்தைப் பொருத்தினோம், அவ்வளவுதான் என்று ஆதரித்தவர்கள் சொன்னார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. உச்சவரம்பின் அமைப்பும் கிரீன் படிவரிசையும் மத்தியச் சட்டத்திலிருந்து எடுத்தவை. ஆனால் மத்தியச் சட்டத்தில் இனமோ பாலோ உந்திய காரணங்களில் ஒன்று என்று காட்டினாலே நிறுவனத்தின் மீது பொறுப்பு விழும். தீர்மானித்த காரணமாக இருக்க வேண்டும் என்ற மிசௌரியின் வரையறை அதைவிடக் கடுமையானது. பொருத்தினோம் என்ற சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது.

எதிர்ப்பு எப்படி நடந்தது

2017 பிப்ரவரியில் கீழவைக் குழு முன் சாட்சி சொல்ல வந்தார் ராட் சாப்பல். கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் மிசௌரித் தலைவர். பழைய நிறவெறிச் சட்டங்களின் பெயரால் இந்த மாற்றத்தை அழைத்துப் பேசினார். குழுத் தலைவர் பில் லான்ட் அவரைத் தொடர்ந்து பேசவிடவில்லை. மைக் அணைந்தது. மசோதா நிலுவையில் இருந்த காலத்தில் எதிர்ப்பாளர்களுக்குக் கிடைத்த, புகைப்படம் எடுக்கக்கூடிய காட்சி அநேகமாக இது ஒன்றுதான்.

ஜூன் 30 அன்று ஆளுநர் கையெழுத்திட்டார். மிசௌரிக்கு வரும் கறுப்பினத்தவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று சங்கத்தின் மாநிலக் கிளை அந்த ஜூனிலேயே பயண எச்சரிக்கை வெளியிட்டிருந்தது. ஜூலையில் தேசிய மாநாடு அதை ஏற்றுக்கொண்டது. அந்தச் சங்கம் ஒரு மாநிலம் முழுவதற்கும் அப்படி எச்சரிக்கை விட்டது அதுவே முதல் முறை. புதிய சட்டத்தை மட்டும் அதில் காரணமாகச் சொல்லவில்லை. 2015இல் மிசௌரி பல்கலைக்கழகத்தில் நடந்த இன வெறுப்புச் சம்பவங்கள், வெள்ளையரைவிடக் கறுப்பின ஓட்டுநர்களைப் போலீஸ் 75 சதவீதம் அதிகமாக நிறுத்துகிறது என்ற மாநில அட்டர்னி ஜெனரலின் கணக்கு ஆகியவையும் சேர்ந்திருந்தன. இதே மாநிலத்தின் பெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்டு மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

எச்சரிக்கை உலகம் முழுவதும் செய்தியானது. ஆனால் சட்டம் அசையவில்லை. இதே கோடையில் மிசௌரியில் நடந்த இன்னொரு போராட்டத்தோடு வைத்துப் பார்த்தால் காரணம் புரியும்.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் இதே ஆளுநர் தொழிற்சங்கங்களைப் பலவீனப்படுத்தும் சட்டம் ஒன்றிலும் கையெழுத்திட்டிருந்தார். சங்கத்தில் சேராதவரிடம் சங்கம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அதன் சாரம். அதுவும் 2017 ஆகஸ்ட் 28 அன்று அமலாக வேண்டியது. மிசௌரி அரசியல் சட்டத்தில், போதுமான கையெழுத்து கிடைத்தால் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தையே மக்கள் வாக்குக்கு விட வழி உண்டு. தேவைப்பட்டது ஏறத்தாழ ஒரு லட்சம் கையெழுத்து. தொழிற்சங்கங்கள் மூன்று லட்சத்துக்கு மேல் திரட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தன. சட்டம் அமலாகாமல் நின்றது. 2018 ஆகஸ்ட் 7 அன்று நடந்த வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் வேண்டாம் என்றார்கள். குடியரசுக் கட்சி எளிதாக ஜெயிக்கும் மாநிலத்தில் இந்த முடிவு.

ஒரே ஆளுநர், ஒரே சட்டமன்றம், ஒரே தேதி. ஒரு சட்டம் விழுந்தது, மற்றது நின்றது. தொழிற்சங்கத்துக்கு ஆள்பலம், பணம், ஒவ்வொரு ஊரிலும் அலுவலகம் எல்லாம் இருந்தன. பாகுபாட்டுக்கு ஆளானவர்களுக்குச் சங்கம் கிடையாது. நாளை எனக்கு இது நடக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நடந்தவரோ தனியாள். ஆலை வாசலில் நின்று சம்பளத்தைக் குறைக்கப் போகிறார்கள் என்று சொன்னால் கையெழுத்து கிடைக்கும். நிரூபணத்தின் அளவை உயர்த்திவிட்டார்கள் என்று சொன்னால், வேலை முடிந்து போகிறவர் நின்று கேட்பாரா? 1964இல் கிரீன் ஏறுவதற்கு ஒரு வளைவு இருந்தது. 2017இல் எதிர்க்க வேண்டியது சட்டத் தொகுப்பின் 213ஆம் அத்தியாயத்தின் உட்பிரிவுகளை.

பின்விளைவுகள்

புதிய சட்டத்தின் விளைவை உடனே அளக்க முடியாது, ஏனென்றால் பழைய வழக்குகள் பழைய சட்டத்தின்படியே தொடர்ந்தன. செயின்ட் லூயிஸ் கவுண்டி காவல்துறையில் சார்ஜென்ட் ஒருவர், தான் ஓரினச் சேர்க்கையாளர் என்பதால் பதவி உயர்வு மறுக்கப்பட்டதாக 2017 ஜனவரியில் வழக்குப் போட்டார். அந்த இயல்பை அடக்கி வாசிக்கும்படி தன்னிடம் சொல்லப்பட்டதாகச் சாட்சியம் சொன்னார். 2019 அக்டோபரில் ஜூரி கிட்டத்தட்ட 2 கோடி டாலர் தீர்ப்பளித்தது. கவுண்டி அதை 1 கோடியே 2.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே கவுண்டி நிர்வாகம் காவல் ஆணையக் குழுவை மாற்றப் போவதாக அறிவித்தது. இதே மறுப்பு 2017 ஆகஸ்ட் 28க்குப் பிறகு நடந்திருந்தால் உச்சவரம்பு 5,00,000 டாலர். அந்தத் தொகைக்கு எந்த நிர்வாகம் தன் வழியை மாற்றும்?

சட்டம் வேலையோடு நிற்கவுமில்லை. மனித உரிமைச் சட்டம் வீட்டு வசதிக்கும் சேர்த்து எழுதப்பட்டது என்பதால், மாநிலச் சட்டம் இனி மத்திய வீட்டு உரிமைச் சட்டத்துக்கு நிகராகுமா என்று மத்திய வீட்டுவசதித் துறையே கேள்வி எழுப்பியது. வேலைக்காக மாற்றிய விதி வாடகை வீடு தேடுகிறவரையும் தொட்டது.

இந்தப் பக்கம் கிரீன் வழக்கின் கதியே கேள்விக்குள்ளாகியிருக்கிறது. 2025 ஜூனில், பெரும்பான்மைச் சமூகத்தைச் சேர்ந்தவர் பாகுபாடு என்று வழக்குப் போட்டால் அவருக்கு மட்டும் கூடுதல் நிபந்தனை விதிக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதில் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் தனியாக எழுதிய கருத்தில், கிரீன் வழக்கின் படிவரிசையே சட்ட வாசகத்தில் வேரில்லாதது, நீதிமன்றங்களைக் குழப்புகிறது என்று சொன்னார். நீதிபதி நீல் கோர்சச் அவரோடு சேர்ந்துகொண்டார். மிசௌரி 2017இல் சட்டத்தில் எழுதிவைத்த வழிகாட்டியை உச்ச நீதிமன்றம் நாளை கைவிட்டாலும் ஆச்சரியமில்லை. அப்போது மிசௌரி தொழிலாளி எந்த அளவுகோலின் முன் நிற்பார் என்பதை மீண்டும் வழக்குகள்தான் முடிவு செய்ய வேண்டும்.

அன்றையும் இன்றையும் ஒப்பிட்டால் மிசௌரி பின்னோக்கிப் போய்விட்டது என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. வங்கிக் கவுன்ட்டரில் கறுப்பினக் காசாளர் இருக்கிறார். நிறத்தை வெளிப்படையாகச் சொல்லி வேலை மறுக்கும் துணிவு அநேகமாக எந்த நிறுவனத்துக்கும் இல்லை. கிரீனை நிராகரித்த நிறுவனம் 1997இல் போயிங்கோடு இணைந்துவிட்டது. இது போராடி வாங்கிய மாற்றம், திரும்பப் பறிக்கப்படவில்லை. பறிபோனது அந்த மாற்றத்தைத் தனிமனிதர் தன் விஷயத்தில் நிலைநாட்டும் வழி. சட்டத்தின் முகப்பில் உரிமை இருக்கிறது. அதை மெய்ப்பிக்கும் இடத்தில் சுமை கூடியிருக்கிறது.

இப்படிப்பட்ட மசோதாக்கள் மிசௌரியோடு நிற்காது. அவை எங்கே வந்தாலும் எந்த உரிமையையும் எடுக்கவில்லை என்ற வாக்கியத்தோடுதான் வரும். எதிர்க்க நினைப்பவர்கள் பார்க்க வேண்டியது உரிமைப் பட்டியலை இல்லை. யார் எதை நிரூபிக்க வேண்டும், யார் முன்னால் நிரூபிக்க வேண்டும், தோற்றவர் எவ்வளவு கொடுப்பார், யாரைப் பொறுப்பாக்கலாம் என்ற நான்கு கேள்விகளை மசோதா பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு படிக்க வேண்டும். பதில்களை, ஆலை வாசலில் ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்று மூன்று நிமிடத்தில் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும். தொழிற்சங்கங்கள் மூன்று லட்சம் கையெழுத்தை அப்படித்தான் திரட்டின. செனட் மசோதா 43க்கு அந்த வேலையை யாரும் செய்யவில்லை. அடுத்த மசோதா வரும்போது செய்யலாம்.